பாய்லர் அப்பாவுக்கு, சக்கரம் பெரியப்பாவுக்கு

1

ஊருக்குப் போய்த் திரும்பிய அலுப்பு இன்னும் தீரவில்லை. பெட்டிகள் பாதி பிரிக்காமல் கூடத்தில் கிடக்கின்றன. ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள், ஜெர்மனியில் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். இங்கே இருப்பவர்கள், ஊரில் நன்றாக ஓய்வெடுத்தீர்களா என்று கேட்கிறார்கள். இந்த வருடம் எனக்கு இரண்டு இடத்திலும் நிம்மதி இல்லை. அதற்குக் காரணம் ஒரு விளையாட்டுச் சாமான். சொன்னால் சிரிப்பீர்கள். நானும் ஒரு நாள் சிரிக்கலாம். இப்போதைக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நான் கொல்லிமலையில் வளப்பூர் நாட்டில் பிறந்தவள்; மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்போம். நர்சு படிப்பு முடித்து, ஜெர்மன் கற்று, இங்கே நியூரம்பெர்க் பக்கத்தில் ஒரு சிறு ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். கணவருக்குச் சேந்தமங்கலம். இங்கே லாரிக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஒரே மகள் யாழினி, ஒன்பதாம் வகுப்பு. பிறந்தபோது ழகரத்துக்காக ஆசைப்பட்டு வைத்த பெயர். ஜெர்மன்காரர்களுக்கு அந்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் ‘யாட்ஸ்ஹினி’ என்றுதான் வாயில் வருகிறது. பள்ளியில் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது அவளே போனை எடுத்தால் யாட்ஸ்ஹினி பேசுகிறேன் என்கிறாள். நான் திருத்தினால், அம்மா, இதில் எது சரி என்பது ஒரு விஷயமா என்று ஜெர்மனில் கேட்கிறாள். தமிழில் கேட்டால் ஜெர்மனில்தான் பதில் வரும். அதுவும் வந்தால்.

விஷயம் குக்கரில் ஆரம்பித்தது. இங்கே ஞாயிற்றுக்கிழமை மதியம் சத்தம் போடக் கூடாது. அது வெறும் வாய்வார்த்தைக் கட்டுப்பாடு இல்லை; கட்டிடத்தின் வாசலிலேயே அச்சடித்து ஒட்டியிருக்கிறது. வாரம் முழுதும் வேலை பார்த்துவிட்டு ஞாயிறு மதியம் பருப்பு வேக வைக்காமல் வேறு எப்போது வைப்பது? விசில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு ஹெர் பாமன் நின்றார்; ஹெர் என்றால் திரு. வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, ஞாயிறன்றும் இஸ்திரி போட்ட சட்டை. மன்னிப்புக் கேட்கத் தயாராக வாயைத் திறந்தேன். அவர் அந்த வெயிட் எந்த அழுத்தத்தில் தூக்கிக்கொள்ளும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடச் சமையலில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. மூன்று விசில் வந்தால் பருப்பு வெந்துவிடும் என்றேன். உள்ளே வரலாமா என்று கேட்டு வந்து, குக்கர் ஆறும் வரை நின்று, வெயிட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல சாதனம் என்றார். போகும்போது, ஆனாலும் புகார் புகார்தான், ஞாயிறு மதியம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் காப்பி குடிக்கக் கூப்பிட்டார். குடும்பத்தோடு போனோம்.

2

அவர் வீட்டுக் கூடம் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். உள்ளே வரிசையாக நீராவி எஞ்சின்கள், எல்லாமே பொம்மைகள். ஆனால் பொம்மை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நூறு வருடத்துக்கும் முன்னால் நியூரம்பெர்க் பட்டறைகளில் பணக்கார வீட்டுப் பையன்களுக்காகச் செய்தவையாம். கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுப்பார்களாம். பித்தளையில் ஒரு பாய்லர், அதற்குக் கீழே ஸ்பிரிட் விளக்கு, கட்டை விரல் அளவுக்கு ஒரு சிலிண்டர், பக்கத்தில் ஒரு இரும்புச் சக்கரம். தண்ணீர் ஊற்றிப் பற்ற வைத்தால் நிஜமாகவே ஆவி கிளம்பிச் சக்கரம் சுற்றும். இதைப் போய் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குக்கர் விசில் மட்டும் ஆகாது.

யாழினி சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் மரியாதைக்கு ஒவ்வொன்றாகத் தலையாட்டிக்கொண்டு வந்தார். நான் மூன்றாவது அலமாரி முன்னால் நின்றுவிட்டேன். தகரத்தில் செங்கல் வரைந்த புகைக்குழாய், அதன் தலையில் சின்னக் கிரீடம் மாதிரி வெட்டு, படுத்திருக்கும் பித்தளை பாய்லர், அதன் வயிற்றில் ஒரு கண்ணாடிக் குழல். இது எங்கள் துரை மிசின்.

எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொன்னேன். ஹெர் பாமன் பணிவாகச் சிரித்தார். அந்த மாடல் குறைவாகவே செய்யப்பட்டது, பெரும்பாலும் இங்கிலாந்துக்குப் போய்விட்டது என்றார். நான் மறுபடியும் சொன்னேன். என் அப்பாவின் அப்பா, நாங்கள் அப்பாரு என்போம், ஏற்காட்டில் ஒரு துரையின் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். துரை குடும்பம் தோட்டத்தை விற்றுக் கப்பலேறியபோது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களை வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அப்பாருக்கு மிசின் கிடைத்தது. அதைத் துணியில் சுற்றிச் சுமந்துகொண்டு அடிவாரம் வந்து, மலையேறி வீடு சேர்ந்தார். நோம்பி நாளில், அதாவது பண்டிகை நாளில், அதை ஓட்டிக் காட்டினால் சுற்றுப்பட்ட ஊர் ஆட்கள் வந்து பார்ப்பார்களாம்.

போட்டோ வேண்டும் என்றார் ஹெர் பாமன். முகத்தில் சிரிப்பு இல்லை.

3

போட்டோ ஒன்று வாங்குவதற்கு நான் பட்ட பாடு. எங்கள் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் ரோட்டு வளைவில் இருக்கும் பலாமரத்தடிக்குப் போக வேண்டும். மிசினோ வீட்டில் டிவி பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா முதலில் அனுப்பியது அவர் பெருவிரலின் படம். அடுத்தது டிவியின் படம். பிறகு ஒரு நாள் மிசினையே தூக்கிக்கொண்டு பலாமரத்தடிக்குப் போய் வீடியோ காலில் வந்தார். நான் கீழ்வீட்டுக்கு ஓடினேன். ஹெர் பாமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு சத்தம் எழுப்பினார். மிசின் தங்கம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. என்ன செய்தீர்கள் என்றார். அம்மா வருடா வருடம் புளி போட்டுத் தேய்ப்பார் என்றேன். நூறு வருடத்துப் பழமை அந்தப் பித்தளை மேல் படிந்திருக்க வேண்டும், அதுதான் மதிப்பு, அதை ஒரு ஊறுகாய்ச் சாமான் போட்டுத் தேய்த்துவிட்டீர்களே என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அங்கே அம்மா, என்ன கண்ணு சொல்றாரு, நல்லா வெளக்கியிருக்கேனான்னு கேக்கறாரா என்றார். ஆமாங்கம்மா என்றேன். வேறென்ன சொல்ல?

பிறகுதான் அவர் முக்கியமான கேள்விக்கு வந்தார். சக்கரம் எங்கே?

சக்கரம் பெரியப்பாவிடம் இருக்கிறது. இதை ஒரு ஜெர்மன்காரருக்கு விளக்க முயன்று பாருங்கள். அப்பாரு இறந்த பிறகு அப்பாவும் பெரியப்பாவும் பங்கு பிரித்தார்கள். காடு, மிளகுக் கொடி, பலாமரங்கள் எல்லாவற்றுக்கும் சண்டை. ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பேசித் தொண்டை வற்றிப் போன நேரத்தில் மிசின் முன்னால் வந்து நின்றது. இருவருக்கும் வேண்டும். யாரோ ஒருவர் சலித்துப் போய் ஆளுக்குப் பாதி எடுத்துக்கோங்கப்பா என்று சொல்லிவிட்டார். இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பாய்லரும் புகைக்குழாயும் அப்பாவுக்கு. சக்கரமும் அது மாட்டும் தண்டும் பெரியப்பாவுக்கு. சக்கரம் இல்லாமல் மிசின் ஏது என்று பெரியப்பாவுக்குப் பெருமை. நெருப்பு எரிகிற இடம் என்னிடம் என்று அப்பாவுக்குப் பெருமை. அதன் பிறகு பெரியப்பா பெரியம்மாவின் ஊரான பெரக்கரை நாட்டுக்குக் குடிபோனார். அன்றிலிருந்து பேச்சில்லை. சாவுக்கு வருவார்கள், ஓரமாக நிற்பார்கள், போய்விடுவார்கள். அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது பெரியப்பா பஸ் கண்டக்டரிடம் ஒரு பலாப்பழம் கொடுத்தனுப்பினார். யார் கொடுத்தது என்று கண்டக்டர் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. பழத்தை எல்லோரும் சாப்பிட்டோம்.

இவ்வளவையும் ஹெர் பாமனிடம் சொன்னேன். எர்பெ என்றால் பரம்பரைச் சொத்து. எர்ப்ஸெ என்றால் பட்டாணி. பதற்றத்தில் நான் கடைசி வரை எர்ப்ஸெ என்றே சொல்லியிருக்கிறேன். இரண்டு அண்ணன் தம்பிகள் பட்டாணிக்காக ஆயுள் முழுக்கப் பேசாமல் இருக்கிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டு, உங்கள் ஊரில் பஞ்சமா என்று கேட்டார். என் பின்னாலேயே வந்திருந்த யாழினி சோபாவிலிருந்து தலையைத் தூக்கி, பட்டாணி இல்லை, சொத்து என்று திருத்தினாள். அன்று அவள் பேசிய ஒரே வார்த்தை அது. அதற்கே அவ்வளவு வெட்கம் அவளுக்கு, என்னை நினைத்து.

அப்படியானால் விற்றுப் பணத்தைப் பிரித்திருக்கலாமே என்றார் அவர். வரி அலுவலகக்காரர். அவர் சொல்வது சரிதான். அப்பாவிடம் நான் இதைச் சொல்லியிருந்தால் போனை வைத்துவிட்டிருப்பார்.

4

அதற்குப் பிறகு ஹெர் பாமனுக்கு அந்த மிசின் ஓட வேண்டும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. எனக்கும் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பெரியப்பாவுக்கு இன்னும் கூட. சின்ன வயதில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அது ஓடுவதைப் பார்த்தவர்கள். இருவரில் ஒருவர் போன பிறகு மற்றவர் அந்தப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவளுக்கு இந்த மாதிரி எண்ணம் தினமும் வரும். பேசாத தம்பிகளையும் தங்கைகளையும் கடைசி வாரத்தில் கேட்கிறவர்கள் அங்கே ஏராளம். போன் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. பாதிப் பேர் எடுப்பதில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் போக இங்கே பள்ளி விடுமுறை ஒத்துவந்தது. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. யாழினி சிநேகிதிகளோடு கடற்கரை முகாமுக்குப் போவதாக இருந்தவள். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு வருகிறேன், ஆனால் தமிழ் பேசச் சொல்லி யாரும் என்னைக் காட்சிப்பொருள் ஆக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டாள்.

காகிதங்கள் இன்னொரு கதை. எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இன்ஷியல்தான். ஜெர்மன் அலுவலகத்தில் பெட்டி காலியாக இருக்கக் கூடாது என்று என் அப்பா பெயரை எனக்குக் குடும்பப் பெயராக்கினார்கள். என் கணவருக்கு அவர் அப்பா பெயர். மகளுக்கு என் கணவரின் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பம். மகளோடு பயணம் போகும் ஒவ்வொரு முறையும், நீங்கள்தான் இவளுக்குத் தாய் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். அவள் அப்பாவின் சம்மதக் கடிதம், பிறப்புச் சான்று, அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பாளருக்கு அத்தாட்சி. அவள் மூக்கைப் பாருங்கள், அவளுடைய அப்புச்சி, அதாவது என் அப்பா மூக்கு என்று சொல்லத் தோன்றும். சொல்வதில்லை.

ஹெர் பாமன் தன் சேகரிப்பிலிருந்து ஒரு பர்னரை இரவலாகக் கொடுத்தார். எங்கள் மிசினின் பழைய பர்னர் எப்போதோ தொலைந்துவிட்டது. கூடவே புதிய வாஷர்கள், கொஞ்சம் எண்ணெய், நிறைய அறிவுரை. காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். முதலில் நெருப்பில்லாமல் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் கண்ணாடிக் குழலில் பாதிக்குக் கீழே இறங்கினால் அணைத்துவிட வேண்டும். விமான நிலையத்தில் அந்தப் பர்னரை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, இது என்ன என்றார்கள். விளக்கு என்றேன். எதற்கு விளக்கு? எஞ்சினுக்கு. எஞ்சின் எங்கே? இந்தியாவில் பாதி பாதியாக இருக்கிறது என்றேன். பக்கத்தில் நின்ற யாழினி கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரி பர்னரை மோந்து பார்த்து, எண்ணெய் பாட்டிலை மட்டும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அனுப்பினார்.

5

ஊரில் அப்பா எல்லாம் தயாராக வைத்திருந்தார். காய்ச்சி வடித்த தண்ணீருக்குச் செம்மேட்டில் பேட்டரி கடையிலிருந்து பேட்டரித் தண்ணி வாங்கி வைத்திருந்தார். வாஷர்களை மாட்டினோம். ஒழுகவில்லை. எல்லாம் சரி. சக்கரம் மட்டும் இல்லை.

நான் போய்க் கேட்டு வருகிறேன் என்றேன். அப்பா முகம் மாறியது. நீ போனால் நான் அனுப்பினேன் என்று ஆகிவிடும் என்றார். பெரியப்பாவை வரச் சொல்லலாமா என்றேன். “அவராக வந்தால் வேண்டாங்கல. நானாகக் கூப்புடறதுக்கு இல்ல” என்றார். பின்னே எதற்கு இவ்வளவு தூரம் பேட்டரித் தண்ணி வாங்கி வைத்தீர்கள் என்று கேட்டேன். துண்டை எடுத்துப் பாய்லரைத் துடைக்க ஆரம்பித்தார். அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய், உங்கப்பன் பூரா வருசமும் இதைத்தான் நெனச்சிட்டுக் கெடக்கறாரு, ஆனா வாய் தொறக்க மாட்டாரு, நீ ஏன் கண்ணு மல்லுக்கட்டறே என்றார். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வரும் அழுகை.

யாழினி வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதி புரிந்திருக்கும். ஜெர்மனில் என்னைக் கேட்டாள்: “ஒருத்தரிடம் பாய்லர். இன்னொருத்தரிடம் சக்கரம். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். நடுவில் பஸ் இருக்கிறதா?” இருக்கிறது என்றேன். “அப்புறம் என்ன பிரச்சினை?” உனக்குச் சொன்னால் புரியாது என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. சின்ன வயதில் நான் கேட்டபோதெல்லாம் எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளைக் காணவில்லை.

முதலில் பலாமரத்தடியில் போனோடு இருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. ஓடைப் பக்கம், கோயில் பக்கம் போய்ப் பார்த்தோம். ஆடிக் கூட்டத்துக்கு மலை முழுக்க வெளியூர் ஆட்கள். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் மேலும் கீழுமாக நடந்தார். கடைசியில் டீக்கடைக்காரர், உங்க ஜெர்மன் புள்ளையா, அது பெரக்கரைக்குப் போற பஸ்ஸுல ஏறுச்சுங்களே, கண்டக்டர்கிட்ட உங்க பெரியப்பா பேரைச் சொல்லிட்டு இருந்துச்சு என்றார். நான் அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அப்பா ரோட்டு ஓரத்திலேயே நின்றார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. ஒவ்வொரு பஸ் வளைவு திரும்பும் சத்தத்துக்கும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

6

பொழுது சாயத் தொடங்கும் நேரத்தில் ஒரு பஸ் நின்றது. முதலில் யாழினி இறங்கினாள். பின்னால், ஒரு கையில் துணிப்பை, ஒரு கையில் தடியோடு பெரியப்பா இறங்கினார். அவ்வளவு கிழமாகிவிட்டார் என்று எனக்குத் தெரியாது. மகளை அடிக்கக் கை ஓங்கினேன். பெரியப்பா தடியை நடுவில் நீட்டினார்.

நடந்ததை அவர் என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா நாலடி தள்ளி நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியாதது போலவே இருந்தது. யாழினி அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். உங்களோடதை எடுத்துட்டுப் போக வந்தேன் என்று சொல்ல வேண்டும். பஸ் முழுக்க அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். ஆளைப் பார்த்ததும் பயத்தில் வாய் தடுமாறி, “பெரிய அப்புச்சி, உங்களை எடுத்துட்டுப் போக வந்தேன்” என்று சொல்லிவிட்டாள். நம் பக்கம் எடுத்துக்கொண்டு போவது யாரை என்று உங்களுக்குத் தெரியும். பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாராம்.

“நான் சொன்னேன், என்னைய எடுக்கறதுக்கு இன்னும் நாளு கெடக்குது சாமி, இப்போதைக்கு நடந்தே வாரேன்னு” என்றார் பெரியப்பா. “அவனோட மூக்கு அப்பிடியே இருக்குது இந்தப் புள்ளைக்கு. எப்பிடி வர மாட்டேங்கறது?”

எல்லோரும் வாசலுக்கு வந்தோம். மிசின் ஒரு பலகை மேல் இருந்தது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அப்பா யாழினியிடம், “சக்கரம் கொண்டாந்திருக்காரான்னு கேளு கண்ணு” என்றார். பெரியப்பா யாழினியிடம், “கொண்டாராம சும்மாவா வந்தேன்னு சொல்லு” என்றார். அவள் இவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இந்தப் பயணம் முழுக்க அடக்கி வைத்திருந்த சலிப்பெல்லாம் தமிழில் வந்தது.

“அவருக்குக் காது இருக்கு அப்புச்சி” என்றாள்.

பெரியப்பா பையிலிருந்து சக்கரத்தை எடுத்தார். சிவப்புச் சாயம் அங்கங்கே மிச்சமிருந்தது. எண்ணெய் போட்டு வைத்திருந்தார், துரு இல்லை. தண்டு துளைக்குள் போகவில்லை. அப்பா குனிந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். “ஆணிய இந்தப் பக்கமா முறுக்கோணும்ணா” என்றார். பெரியப்பா, “தெரியும்” என்றார். நான் பிறப்பதற்கு முன்னால் நின்றுபோன பேச்சு அந்த ஆணியில் ஆரம்பித்தது. ஒருவரும் கண் கலங்கவில்லை. அம்மா டீ வைக்கப் போய்விட்டார்.

ஹெர் பாமன் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்ததால் பலகையோடு மிசினைத் தூக்கிக்கொண்டு பலாமரத்தடிக்குப் போனோம். போனில் அவர் முகம் வந்தது. இஸ்திரி போட்ட சட்டை. எரிபொருள் பற்றி உடனே தகராறு. ஸ்பிரிட் ஊற்றத்தான் பர்னர். அய்யன், அதாவது அப்பாரு, கற்பூரம் வைத்துத்தான் ஓட்டினார் என்றார் அப்பா. சாராயம் என்றார் பெரியப்பா. கற்பூரம் கரி பிடிக்கும், என் பர்னரில் கூடாது என்று ஹெர் பாமன் அங்கிருந்து தடுத்தார். அவர் சொன்னதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அப்பா கற்பூரத்தை வைத்துப் பற்ற வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பாய்லருக்குள் முனகல் மாதிரி ஒரு சத்தம். சிலிண்டர் வாயில் இரண்டு சொட்டுத் தண்ணீர் துப்பியது. பெரியப்பா சக்கரத்தை விரலால் தள்ளிவிட்டார். ஒரு சுற்று சுற்றி நின்றது. மறுபடி தள்ளினார். இந்த முறை அது பிடித்துக்கொண்டது. தட் தட் தட் என்று, பிறகு எண்ண முடியாத வேகத்தில். சக்கரத்தின் ஆரங்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டன. டீக்கடையிலிருந்த ஆட்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். போனுக்குள் ஹெர் பாமன் ஜெர்மனில் ஏதோ சொன்னார். என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை, அவர் குரல் சரியாக வரவில்லை.

அப்பா கை நீட்டிச் சக்கரத்தை நிறுத்தினார்.

இது புகைக்குழாயைப் பார்த்துச் சுற்ற வேண்டும், அந்தக் காலத்தில் அப்படித்தான் சுற்றியது, அண்ணன் மாற்றித் தள்ளிவிட்டார் என்றார். இல்லை, புகைக்குழாயிலிருந்து வெளியே பார்த்துத்தான் சுற்றும், நான் அய்யன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்றார் பெரியப்பா. நானும்தான் உட்கார்ந்தேன் என்றார் அப்பா. நீ அப்ப கைப்புள்ள. எனக்குத் தலை சுற்றியது. கடல் தாண்டி, காகிதம் காட்டி, மகளைத் தொலைத்துத் தேடி, கடைசியில் இதற்கா என்று இருந்தது. போனை முகத்துக்கு நேராகப் பிடித்து ஹெர் பாமனிடம் கேட்டேன், எந்தப் பக்கம் சுற்றும், தயவுசெய்து சொல்லிவிடுங்கள் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இந்த மாடல் இரண்டு பக்கமும் சுற்றும், எந்தப் பக்கம் தள்ளிவிடுகிறீர்களோ அந்தப் பக்கம் என்றார்.

சொன்னேன். இருவரும் நம்பவில்லை. அப்பா தன் பக்கம் தள்ளினார். சுற்றியது. பெரியப்பா நிறுத்தித் தன் பக்கம் தள்ளினார். சுற்றியது. மறுபடி அப்பா. மறுபடி பெரியப்பா. கண்ணாடிக் குழலில் தண்ணீர் இறங்கும் வரை மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். யாழினி அதை வீடியோ எடுத்தாள்.

7

இதோடு சுபம் என்று முடித்திருக்கலாம். வீட்டு வாசலுக்குத் திரும்பி, மிசின் ஆறியதும் பெரியப்பா ஆணியைக் கழற்றினார். சக்கரத்தைத் துண்டால் துடைத்தார். துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினார். நான் வாய்விட்டே கேட்டேன், இது என்ன பெரியப்பா, இங்கேயே விட்டுட்டுப் போனால் என்ன என்று. “இது என்ற பங்கு கண்ணு” என்றார். அப்பாவிடம் திரும்பினேன். அவர் தலையை ஆட்டினார், ஆமாம் அது அண்ணன் பங்கு என்கிற மாதிரி. அம்மா டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வாசலில் எரிச்சல்பட்டது நான் ஒருத்திதான். பஸ்ஸில் ஏறிய பெரியப்பா ஜன்னல் வழியாக, வாரேண்டா என்றார். அப்பா, சரிங்கண்ணா என்றார்.

இங்கே திரும்பி வந்து ஹெர் பாமனிடம் சொன்னபோது, மறுபடி கழற்றிவிட்டாரா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு தன் பர்னரைப் பற்றிக் கேட்டார். அதை அப்பா தர மறுத்துவிட்டார். அது மிசினோடு சேர்ந்ததாம். படிக்கட்டில் அவரைப் பார்த்தால் நான் இப்போது வேகமாக இறங்குகிறேன். யாழினி அந்த வீடியோவைத் தன் வகுப்பில் காட்டியிருக்கிறாள். யார் இவர்கள் என்று கேட்டதற்கு, என் அப்புச்சிகள் என்று தமிழிலேயே சொன்னாளாம். ஜெர்மனில் அந்த வார்த்தை இல்லை என்கிறாள். என்னிடம் இன்னமும் ஜெர்மனில்தான் பேசுகிறாள்.

போன வாரம் ஊருக்குப் போன் செய்தேன். அப்பா இல்லை. பெரக்கரைக்குப் போயிருக்கிறார் என்றார் பலாமரத்தடிக்கு வந்திருந்த அம்மா. எதற்கு? மிசினைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாராம். அதற்கு முந்தின வாரம் பெரியப்பா சக்கரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாராம். அடுத்த வாரம் மறுபடி அவர் வருவாராம். ஒருவர் மாற்றி ஒருவர், மடியில் பையை வைத்துக்கொண்டு, அத்தனை வளைவுகளிலும் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு. அப்பாவுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. எனக்கு வந்த கோபத்தில் மறுநாள் அவர் எடுக்கும் வரை கூப்பிட்டேன்.

அந்த மிசினை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டியதுதானே அப்பா, இந்த வயதில் எதற்குச் சுமந்துகொண்டு அலைகிறீர்கள் என்று கேட்டேன்.

அப்பாவுக்கு என் கேள்வியே புரியவில்லை. பின்னால் பஸ் ஒன்று திரும்பும் சத்தம் கேட்டது.

“அங்கயே வெச்சிட்டு வந்துட்டா, அப்பறம் எதுக்குக் கண்ணு போறது?” என்றார்.